ஆள் இருக்கிற லொறியை இழுக்கிறதில்லை

— ஆக்களை இறக்காமல் நான் சுவிட்சைத் தொட மாட்டன், சாஜன் மாத்தையா. எத்தினை தரம் சொல்லுறது.

— நானும் எத்தின தரம் சொல்றது, பாஸ். இறக்க ஏலாது. உள்ளுக்கு இருபத்தேழு பேர் இருக்கு. காலைல வெள்ளவத்தை லொட்ஜில பிடிச்சது. இறக்கினா ஓடும்.

— ஓடுறதும் ஓடாததும் உங்கட பாடு. சேத்துக்குள்ளை புதைஞ்ச லொறியை எடுக்கிறது என்ர பாடு. என்ர வேலைக்கு ஒரு முறை இருக்கு. ஆள் இருக்கிற லொறியை நான் ஜீப்பின்ர வின்ச்சிலை கம்பி சுத்தி இழுக்கிறதில்லை.

— சிங்கண்ணே, கொஞ்சம் மெதுவாக் கதைங்களேன். அவர்ட கையில துவக்கு ஈக்கிது. நம்மட கையில ஈரச் சாக்குதான் ஈக்கிது.

— நீ ரெண்டு சாக்கையும் நனைச்சியோ, இஸ்ஸதீன்?

— ஒண்டு நனைச்சிட்டன்.

— அப்ப கதையை விட்டுட்டு மற்றதையும் நனை.

— பாஸ், இங்க பார். உன்னைக் கூட்டிட்டு வந்தது லொறி இழுக்க. சட்டம் படிக்க இல்ல.

— நீங்கள் கூட்டிக்கொண்டு வந்த சீரைச் சொல்லுங்கோ. கொட்டாஞ்சேனையிலை, என்ர கராஜிலை, நான் சோத்துக்குள்ளை கை வைச்சபடி இருந்தனான். கழுவக்கூட விடேல்லை. முகத்துவாரத்திலை ஒரு லொறி தாண்டு போச்சு, ஜீப்பை எடு எண்டியள். லொறிக்குள்ளை என்ன எண்டு கேட்டன். என்ன சொன்னியள்?

— சாமான் எண்டு சொன்னது.

— ஓம், சாமான். இப்ப தார்ப்பாய்க்குள்ளாலை சாமான் இருமுது.

— எனக்கு தமிழ் நல்லா தெரியும், பாஸ். வவுனியாவில ரெண்டு வருசம் இருந்தது. உன்ட பகிடி விளங்குது.

— பகிடி இல்லை மாத்தையா. வயித்தெரிச்சல்.

— நான் என்ன செய்ற? பாலத்துக்குப் போற பெரிய ரோட்டில குண்டு எண்டு கதை, மூடிட்டாங்க. ட்ரைவர் சொன்னது ஆத்தோரப் பாதையால போகலாம் எண்டு.

— இது பாதையோ? மீன் வாடிக்காரர் கூடை தூக்கிக்கொண்டு நடக்கிற வரம்பு. நாலு நாள் மழை வேறை. உதிலை உந்தப் பெரிய லொறியை விட்டவருக்குச் சம்பளமும் குடுக்கினம். போகட்டும். ஆக்களை இறக்குங்கோ.

— கயிறுதானே, பாஸ். மெதுவா இழு. ஆள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

— கயிறோ? இங்கை வாங்கோ. இதைத் தொட்டுப் பாருங்கோ. உருக்குக் கம்பி, என்ர சின்ன விரல் மொத்தம். சேறு லொறியைப் பிடிச்சு உறிஞ்சுகொண்டு நிக்குது. லொறியின்ர பாரம், சேத்தின்ர பிடி, ரெண்டும் சேந்து இந்த விரல் மொத்தத்துக்குள்ளை வந்து நிக்கும். தாங்காட்டி அறும். அறுந்தது கீழை விழாது, திரும்பி வரும். ஆரிட்டை வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

— அறாது.

— கொச்சிக்கடையிலை டோரின் எண்டு ஒரு பொம்பிளை, அவவின்ர புருசனும் அப்பிடித்தான் சொன்னவர். துறைமுகத்திலை என்னோடை வேலை. கம்பிக்குப் பக்கத்திலை நிண்டு பீடி பத்தினவர். அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது. பாம்பு மாதிரி எண்டு சனம் சொல்லும். பாம்பு எண்டாலும் தலையைத் தூக்கிக் காட்டிப்போட்டுத்தான் கொத்தும்.

— அது மெய்தான், மாத்தையா. பெட்டியத் திறக்க உடல்ல. மூடின பெட்டியோடதான் அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டு போன. அந்தப் பொம்பள கடைசி வரைக்கும் மொகத்தக் காணல்ல.

— அது ஹாபர். அங்க பெரிய கம்பி.

— சின்னக் கம்பி எண்டால் ஆளைப் பாதிதான் வெட்டும் எண்டு சொல்லுறியளோ?

— பாஸ், வாய் கூடுது.

— கூடத்தான் செய்யும். முப்பது வரியமா இந்த வேலை. என்ர கையாலை ஒருத்தன் சாகேல்லை. இண்டைக்கு உங்கட அவசரத்துக்கு இருபத்தேழு பேரை வரிசையா இருத்திப்போட்டு, அவையளுக்கு நேரை கம்பியை முறுக்கச் சொல்லுறியள். அந்தத் தார்ப்பாய் என்ன இரும்போ?

— சரி. அப்ப ஒண்டு செய்யலாம். எல்லாம் உள்ளுக்கு கீழ படுக்கட்டும்.

— ஒருத்தருக்கு மேலை ஒருத்தரா? அடுக்கினாப் போலை பாரம் குறையுமோ? இருபத்தேழு பேர் எண்டால் ஒண்டரைத் தொன்னுக்கு மேலை. இந்த வின்ச்சிலை எட்டாயிரம் இறாத்தல் எண்டு தகடு அடிச்சிருக்கு. பழசு. நான் ஆறாயிரத்துக்கு மேலை நம்புறதில்லை. இறங்கினால் அவைக்கும் நல்லது, கம்பிக்கும் நல்லது, உங்கட லொறிக்கும் நல்லது.

— உனக்கும் நல்லது. எனக்கு விளங்குது, பாஸ். நீ தமிழ். உள்ளுக்கு இருக்கிறதும் தமிழ். அதுதான் இறக்கு இறக்கு எண்டு நிக்கிறது.

— என்ன சொன்னியள்?

— சிங்கண்ணே, உடுங்க.

— விடேலாது இஸ்ஸதீன். கேளுங்கோ மாத்தையா. உள்ளுக்குள்ளை ஆர் எண்டு எனக்குத் தெரியாது. தார்ப்பாயைத் தூக்கிப் பாக்கவும் இல்லை. உதுக்குள்ளை இருபத்தேழு மந்திரிமார் இருந்தாலும் இறங்குங்கோ எண்டுதான் சொல்லுவன். ஆடு இருந்தாலும் இறக்குவன். போன வரியம் நுகேகொடையிலை ஒரு பெரிய மனுசன்ர கார் தண்ணி ஓடுற கானுக்குள்ளை விழுந்து போச்சு. உங்கட ஆள்தான், தமிழன் இல்லை. உள்ளுக்கு அவரின்ர நாய். நாயை இறக்கின பிறகுதான் இழுத்தனான். இவனைக் கேளுங்கோ.

— ஓ மாத்தையா. அந்த நாய் என்னக் கடிச்ச. கடிக்கக் கடிக்க இவர் இறக்கத்தான் சொன்ன. தொப்புளச் சுத்தி ஊசி போட்டன் நான்.

— நாய்க்கு ஒரு நியாயம், மனிசனுக்கு ஒரு நியாயம் எண்டு என்னட்டை இல்லை.

— சரி, சரி. இக்மனட்ட, சுறுக்கா. ஆத்துத் தண்ணி ஏறுது. ஆறு மணிக்கு முந்தி நான் காம்பில இருக்க வேணும். இறக்குறது. ஆனா ஒரு கதை. நீ வேற என்னமும் யோசிச்சா எனக்கு என்ன உறுதி? உன்ட இந்த முஸ்லிம் ஆள் கம்பிக்குப் பக்கத்தில நிக்கட்டும். நீ பிழை செஞ்சா முதல் அடி அவனுக்கு.

— அல்லா.

— அவனை அங்கை நிறுத்தினாலும் தொட மாட்டன். உங்களை அங்கை நிறுத்தினாலும் தொட மாட்டன், மாத்தையா. அந்தக் கம்பிக்கு ஆரின்ர உத்தியோகம் என்ன எண்டு தெரியாது.

— நீ பயமில்லாத ஆள், பாஸ்.

— பயம் இல்லாதவன் இந்த வேலை செய்யக்கூடாது.

— ஹரி, சரி. நான் என்ட பொலிஸ் ரெண்டு பேருக்கும் சொல்றது, ரெண்டு ரெண்டு பேரா கையைக் கட்டி இறக்கச் சொல்லி. எங்க இருத்துறது?

— அந்த இடிஞ்ச வாடிச் சுவர் தெரியுதோ? அதுக்கு அங்காலை. எல்லாரும் குந்தியிருக்கோணும், தலை சுவருக்கு மேலாலை தெரியக்கூடாது.

— சுவருக்கு அங்கால இருந்தா எனக்குத் தெரியாது.

— உங்கட ரெண்டு பொலிசும் அங்காலையே நிக்கட்டும். அவையளுக்கும் தாய் தேப்பன் இருப்பினம்தானே. நீங்கள் இங்கை என்னோடை, ஜீப்புக்குப் பின்னாலை.

— ட்ரைவர்?

— லொறியின்ர ஸ்டியரிங் வளையத்தைப் பிடிக்க ஒராள் வேணும். அவர் மட்டும் இருக்கட்டும். லொறியின்ர பொனெற்றைத் தூக்கி விடச் சொல்லுங்கோ. கம்பி அறுந்தாலும் அந்தத் தகடு தாங்கும். அதுக்குக் கீழை குனிஞ்சுகொண்டு இருக்கட்டும்.

— பொனெற் தூக்கினா அவனுக்கு என்ன தெரியும்?

— ஒண்டும் தெரியத் தேவையில்லை. தெரிஞ்சுகொண்டு ஓட்டித்தானே இங்கை வந்து தாண்டவர். இஸ்ஸதீன் இடம் வலம் எண்டு கத்துவான், அதைக் கேட்டால் போதும்.

— சிங்களத்தில கத்தட்டுமா அண்ணே?

— பின்னை என்ன, அரபியிலையோ? ஒராள்தான் கத்துறது. மற்ற ஆர் என்ன சொன்னாலும் ட்ரைவருக்குக் காது கேக்கக்கூடாது. மாத்தையா, அது உங்களுக்கும் சேத்துத்தான்.

— எனக்கும் ஓடர் போடுறது. ஹரி ஹரி. எண்ணுறன். ரெண்டு... நாலு... ஆறு... மெதுவா இறங்கு, ஏய்... பத்து... பதினாலு... இருபது... இருபத்தாறு. கடைசி ஆளுக்குச் சோடி இல்ல. இவன் கையை இவன்ட சொந்தச் சேட்டால கட்டு. இருபத்தேழு. போ, சுவருக்கு அங்கால. குந்து. கதை வேணாம்.

— அண்ணே, அதில ஒருத்தருக்குக் கால்ல செருப்பும் இல்ல. படுக்கையில இருந்து அப்பிடியே எழுப்பிட்டு வந்தீக்கி.

— நீ ஆக்களைப் பாக்காதை. பாத்தால் கம்பியிலை கண் நிக்காது. கையுறையைப் போடு. கம்பியிலை பிரி விட்ட முள்ளு இருக்கு.

— போட்டாச்சி.

— ஜீப்பின்ர பின்பக்கத்தைக் கொட்டாங்காய் மரத்தோடை கட்டினியோ?

— சங்கிலியால கட்டின.

— மரத்திலை சங்கிலி வெட்டாமல் பட்டி சுத்தினியோ?

— சுத்தின, அண்ணே. நான் என்ன நேத்தைக்கு வந்த ஆளா?

— நேத்தைக்கு வந்தவன் பயத்திலை எல்லாம் சரியாச் செய்வான். உன்னை மாதிரிப் பழசுகளைத்தான் நான் கேக்கிறது. இப்ப கம்பியை இழுத்துக்கொண்டு போ. லொறியின்ர பம்பரிலை கொழுவாதை, அது தகரம், கழண்டு வரும். கீழை போய்ச் சட்டத்திலை கப்பியைக் கட்டு. கம்பியைக் கப்பிக்குள்ளாலை விட்டுத் திருப்பிக் கொண்டு வந்து, நுனியை அந்தத் தென்னையிலை பட்டி போட்டுக் கொழுவு.

— ஏன் பாஸ், போற கம்பியைத் திருப்பிக் கொண்டு வாறது? நேரா இழுத்தா சுறுக்கு.

— மாத்தையா, ஒரு வாளியை ஒரு கையாலை தூக்கிறதுக்கும் ரெண்டு கையாலை தூக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கோ இல்லையோ? அதுதான் இது. மெதுவா வரும். ஆனால் வரும்.

— அண்ணே, உருளையில ஆறு சுத்து மிச்சம் ஈக்கிது.

— ஐஞ்சுக்குக் குறையாட்டிச் சரி. சாக்கு ரெண்டையும் கம்பிக்கு மேலை போடு, போகேக்கை ஒண்டு, வரேக்கை ஒண்டு. அடேய், கம்பியைத் தாண்டாதை. சுத்தி வா.

— கம்பி இன்னும் இறுகல்லையே.

— இறுகாட்டியும் சுத்தி வா. இறுகாத கம்பியைத் தாண்டிப் பழகினவன் இறுகினதையும் தாண்டுவான்.

— இந்த ஈரச் சாக்கு என்னத்துக்கு, பாஸ்? பூசையா?

— கம்பி அறுந்தால் உந்தப் பாரம் அதை நிலத்திலை அமத்தும். முந்தி மண் நிரப்பின சாக்கு வைச்சிருந்தனான். போன கிழமை சந்திச் சோதனையிலை உங்கட ஆக்கள் மண்ணைக் கொட்டிக் கிண்டிப் பாத்துப்போட்டு, சாக்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டு போட்டினம். தங்கட காவலுக்கு அடுக்க வேணுமாம். நான் என்ர காவலுக்கு இப்ப ஈரச் சாக்கு.

— அது நான் இல்ல.

— நீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. எப்பவும் அது நான் இல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். பின்னாலை வாங்கோ. இன்னும் பின்னாலை. இழுக்கிறன்.

— மெதுவா, அண்ணே. கம்பி எழும்புது. சாக்கு ரெண்டும் நடுவில நிக்கிது.

— இறுகுது. நிப்பாட்டிறன். எல்லாக் கொளுக்கியையும் ஒருக்கால் பார். கிட்டப் போகாமல் பார்.

— கப்பி நேரா நிக்கிது. தென்னை அசையல்ல. ஜீப் அசையல்ல.

— ட்ரைவரை முதல் கியரிலை மெதுவாச் சக்கரத்தை உருட்டச் சொல்லு. மிதிக்க வேண்டாம். மிதிச்சால் கிடங்கு தோண்டும்.

— வமட்ட, வமட்ட... ஆ, ஹரி. அண்ணே, இடத்துக்கு ஒடிச்சிட்டான், முன் சக்கரம் அசையிது.

— மொகத, என்ன, அவ்வளவுதானா? சாண் அளவுதான் வந்திருக்கு.

— சாண் சாணாத்தான் வரும், மாத்தையா. அவசரப்பட்டவை எல்லாரும் இதுக்குள்ளைதான் நிக்கினம். என்ன இஸ்ஸதீன்?

— அண்ணே, அங்க சுவருக்கு அந்தப் பக்கம்...

— கம்பியைப் பார்.

— இல்ல அண்ணே, வாடிக்குப் பின்னால ஒரு...

— கம்பியைப் பார் எண்டு சொன்னனான். உன்ர கண் கம்பியிலை இல்லையெண்டால் நான் இழுக்க ஏலாது. கம்பியைப் பார்.

— கம்பியத்தான் பாக்கிறன், அண்ணே.

— என்ன கதை அங்க? என்ன சொல்றான் இவன்?

— முன் சக்கரம் மேட்டிலை ஏறுது எண்டு சொல்லுறான். நீங்கள் அசையாதையுங்கோ மாத்தையா. இந்த நேரந்தான் கம்பிக்கு உச்சப் பாரம். தலையை வெளியிலை நீட்டாதையுங்கோ. இஸ்ஸதீன், சொல்லிக்கொண்டு இரு.

— வருது... வருது... இடத்துக்கு ஒடிக்கச் சொல்றன். வமட்ட, வமட்ட. பின் சக்கரம் ஏறுது. அண்ணே, ஏறிட்டுது. ரெண்டும் கல்லு ரோட்டில.

— கை பிரேக்கைப் போடச் சொல்லு. சக்கரத்துக்குக் கட்டை வை. பிறகுதான் கம்பியைத் தளத்துவன். ம்... சரி. சுத்து. கையுறையோடை சுத்து.

— சபாஷ், பாஸ். அரை மணித்தியாலம். பார்த்தியா? கம்பி அறல்ல. ஒண்டும் அறல்ல. ஆனா நீ என்ட உயிரை எடுத்து இருபத்தேழு பேரை இறக்க வச்சது. சும்மா.

— சும்மா எண்டு சொல்லாதையுங்கோ. ஒண்டும் நடக்கேல்லை எண்டால் அதுதான் வேலை. ஏதும் நடந்திருந்தால், பாஸ் சொன்னது சரி எண்டு நீங்கள் ஆசுப்பத்திரியிலை இருந்து சொல்லியிருப்பியள்.

— ஹரி, உன்னோட கதைக்க ஏலாது. ஏய், எல்லாத்தையும் கூட்டிட்டு வா. எண்ணி ஏத்துறது. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு... பதினாறு... இருபத்திரண்டு, இருபத்துநாலு, இருபத்தாறு.

— சிங்கண்ணே.

— வாயைத் திறவாதை.

— இருபத்தாறு. மத்தவன் எங்க? சோடி இல்லாதவன் எங்க? ஏய், நீங்க ரெண்டு பேரும் அங்க என்ன செஞ்சது? லொறியைப் பார்த்திட்டு நிண்டதா? படமா ஓடினது? எறங்கு, எல்லாம் எறங்கு. இன்னொரு முறை. ரெண்டு, நாலு... இருபத்தாறு. அடோ.

— மாத்தையா, வடிவா எண்ணுங்கோ.

— நீ பேசாத. நீதான் சொன்னது, சுவருக்கு அங்கால எண்டு. நீதான் சொன்னது, தலை தெரியக்கூடாது எண்டு. எனக்கு சொன்னது ஜீப்புக்குப் பின்னால நில்லு, தலை நீட்டாத எண்டு. எல்லாம் நீ.

— எல்லாம் நான்தான். ஒளிக்கேல்லை. அந்த முறையிலைதான் ஒவ்வொரு நாளும் இழுக்கிறனான். அவனைச் சேட்டாலை கட்டினது நான் இல்லை. காவலுக்கு விட்டவை புதினம் பாத்ததும் என்ர பிழை இல்லை.

— இந்த லிஸ்டில கீழ என்ட கையெழுத்து இருக்கு. இருபத்தேழு எண்டு போட்டு வச்சது. இருபத்தாறு கொண்டு போனா என்ன கேக்கும் தெரியுமா? எவ்வளவு வாங்கினது எண்டு கேக்கும். சட்டைக் கையில இருக்கிற இந்த சாஜன் கோடு மூணும் போகும். பிறகு என்னையும் உள்ளுக்குப் போடும். எனக்கு பிள்ளை மூணு.

— அதுக்கு நான் என்ன செய்ய?

— சொல்லு. எந்தப் பக்கம் போனது? ஜீப்பில கண்ணாடி இருக்கு. நீ பார்த்தது. ஆத்துப் பக்கமா, வாடிப் பக்கமா? சொன்னா இப்பவே வீட்ட போ.

— பட்டனை அமத்திக்கொண்டு நிக்கிறவன் கம்பியைத்தான் பாப்பான்.

— பொய். அப்ப இவன் பார்த்தது. இவன் ஏதோ சொல்ல வந்தது, நீ மறிச்சது. எனக்கு தமிழ் விளங்கும் எண்டு மறந்திட்டியா? ஏய், எந்தப் பக்கம்?

— நான் ஒண்டும் காணல்ல, மாத்தையா. நாய் ஒண்டு ஓடின மாதிரித்தான்...

— நாய். ஹரி. உன்ட ஐடென்டிட்டி கார்டை எடு. இஸ்ஸதீன். முப்பத்துநாலு வயசு. லிஸ்டில ஓடினவனுக்கு முப்பத்தொண்டு. சரி, பரவாயில்ல. இது என்ட பொக்கெட்டில இருக்கட்டும். லொறியில ஏறு.

— மாத்தையா, நான் முஸ்லிம். கொட்டாஞ்சேனையில பொறந்தவன். என்னத்துக்கு என்ன...

— காம்ப் வாசலில தலைதான் எண்ணுறது. முகம் பாக்கிறது நாளைக்கு. நாளைக்கு நீ சொல்லு முஸ்லிம் எண்டு. விட்டா வருவாய்.

— இது என்ன அநியாயம். அவன் என்னட்டைச் சாக்கு நனைக்க வந்தவன். இறக்கச் சொன்னது நான். அவன்ர பெண்சாதி பிள்ளை பெத்து இன்னும் நாப்பது நாள் முடியேல்லை. நாளைக்கு விடுவினம் எண்டு போனவை எத்தினை பேர் எனக்குத் தெரியும். நானும் ரெண்டு தரம் போய் வந்தவன். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொல்லித்தான் ரெண்டு தரமும் ஏத்தினவை. ஒருக்கால் மூண்டு நாள், மற்றதுக்கு எட்டு மாதம்.

— அப்ப உனக்குத் தெரியும்தானே. சொல்லு, எந்தப் பக்கம்.

— ஓடினவனை ஆர் எண்டு எனக்குத் தெரியாது. அவன் என்ன செய்தவன் எண்டு உங்களுக்கே தெரியாது. லொட்ஜிலை படுத்திருந்தவன். அவன்ர குற்றம் அவ்வளவுதான். இவன்ர குற்றம் சாக்கு நனைச்சது. உங்கட லொறிக்குள்ளை குற்றம் செய்த ஒருத்தனைக் காட்டுங்கோ, நான் பக்கம் சொல்லுறன்.

— அண்ணே, வாணாம். நான் ஏறுறன். நாளைக்கி உடுவாங்க. நீங்க வீட்ட போய் நம்மட ஊட்டுக்கு மட்டும் சொல்லுங்க.

— நீ ஏறாதை. நில் அங்கை.

— பாஸ், உன்னை ஏத்த எனக்கு ஆசை இல்ல எண்டு நினைக்காத. ஆனா உனக்கு மயிர் எல்லாம் வெள்ளை. முப்பத்தொண்டு எண்டு எழுதின இடத்தில உன்னை நிறுத்த ஏலாது. இவன் எண்டா சரி.

— வாசலிலை முகம் பாக்கிறதில்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள். தலைக்கு வெள்ளை எண்டு கணக்கோ, கறுப்பு எண்டு கணக்கோ?

— ஐயோ அண்ணே, என்ன கதை இது. மாத்தையா, அவர் கோவத்தில பேசுறார். உட்டுடுங்க.

— எல்லாம் சத்தம் போடாத. தண்ணி ஏறுது. நேரம் இல்ல. கடைசியா ஒரு முறை பேர் வாசிக்கிறது. ஓடினவன் எங்கயாவது ஒளிச்சிருந்தா, பேர் கேட்டு வரட்டும். வராட்டி இந்த முஸ்லிம் ஏறுறது. அவ்வளவுதான். எல்லாம் ஒவ்வொண்டா பதில் சொல்லு. ஒண்டு, வெங்கடேஸ்வரன்...

— சிங்கண்ணே, ஜீப்புச் சாவி ஒங்கட கையில ஈக்கிது. ஏன் என்ட கையில வைக்கிறீங்க? எனக்கு இது வாணாம்.

— பிடி. மரத்துச் சங்கிலி இன்னும் கழட்டேல்லை. கழட்டிப்போட்டு எடு. ஜீப்பின்ர பொனெற்றும் தூக்கித்தான் கிடக்கு, சாத்த மறந்திடாதை.

— இருபத்தஞ்சு... இருபத்தாறு, சத்தியநாராயணன்.

— இருக்கிறன், சேர்.

— இருபத்தேழு. தியாகராசா சிவபாலன். முப்பத்தொரு வயசு.

— அண்ணே, வாணாம்.

— தியாகராசா சிவபாலன். ரெண்டாவது முறை கூப்பிடுறது. இல்லையா?

— நிக்கிறன், மாத்தையா, வெள்ளை மயிரோடை. பின் கதவைத் திறக்கச் சொல்லுங்கோ.